மூளையின் எந்தப் பாகம் என்ன செய்கிறது, அது எப்படித் தெரிந்தது?

பள்ளியில் நாம் எல்லோரும் எழுதிய விடை ஒன்று உண்டு. பெருமூளை சிந்திக்கும், சிறுமூளை உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும், முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும். விடை சரிதான். ஆனால் இதையெல்லாம் யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வகுப்பில் பெரும்பாலும் சொல்வதில்லை. இதயத்தைத் திறந்தால் அறைகளும் வால்வுகளும் தெரியும். ரத்தம் எந்தப் பக்கமாகப் போகும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். மூளையை அறுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி, வெள்ளையாக ஒரு பகுதி, அவ்வளவுதான். எது பேச்சுக்கு, எது பார்வைக்கு என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஸ்கேன் கருவிகள் வருவதற்கு முன்பு மருத்துவர்களுக்கு இருந்த முக்கியமான வழி இதுதான்: தலையில் அடிபட்டவரோ பக்கவாதம் வந்தவரோ எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறார் என்று குறித்துவைப்பது, அவர் இறந்த பிறகு மண்டையைத் திறந்து சேதம் எங்கே என்று பார்ப்பது. இன்றைய மூளை வரைபடத்தில் பெரும்பகுதி அப்படித் துன்பப்பட்ட மனிதர்களிடமிருந்து வந்ததுதான். நாமும் அவர்கள் வழியாகவே போவோம்.

அதற்கு முன் சில அளவுகள். வயது வந்தவரின் மூளை 1.3 முதல் 1.4 கிலோ வரை இருக்கும். உடல் எடையில் 2 சதவீதம்தான்; ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று மேடைகளில் சொல்வார்கள். இவ்வளவு செலவு வைக்கும் உறுப்பில் 90 சதவீதம் சும்மா கிடந்தால் உடலுக்குக் கட்டுப்படியாகுமா? உண்மையில் எந்தப் பகுதியில் அடிபட்டாலும் ஏதோ ஒன்று கெடத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், சுமார் 8,600 கோடி. புதிதாக எடுத்த மூளை பனீரைவிட மென்மையானது. கண்ணாடி ஜாடிகளில் நாம் பார்ப்பது ஃபார்மலினில் ஊறி இறுகியது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் மூளை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே உண்மையான மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள், எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

அடியிலிருந்து தொடங்கினால்

தண்டுவடம் தலைக்குள் நுழையும் இடத்தில் இருப்பது மூளைத்தண்டு. கீழே முகுளம், அதற்கு மேல் பான்ஸ், அதற்கும் மேல் நடுமூளை. மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், விழுங்குவது, இருமுவது, வாந்தி, விழித்திருப்பது எல்லாம் இங்கே. அளவில் சிறியது, ஆனால் பெருமூளையில் ஒரு பகுதி போனாலும் ஆள் பிழைக்கலாம், இது போனால் முடியாது.

1945இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு விவசாயி சமையலுக்காகச் சேவல் ஒன்றின் தலையை வெட்டினார். கோடரி கொஞ்சம் மேலே விழுந்துவிட்டது. தலை போனது, மூளைத்தண்டின் பெரும்பகுதி கழுத்தோடு தங்கிவிட்டது. அந்தச் சேவல் ஒன்றரை ஆண்டு உயிரோடு இருந்தது. உணவுக்குழாயில் சொட்டு மருந்துக் குழாயால் பாலும் நீரும் விட்டார்கள், ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக் காசும் பார்த்தார்கள். கொடுமையான கதைதான். ஆனால் மூளைத்தண்டு எதற்கு என்று புரிய இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

மருத்துவமனையில் 'மூளைச்சாவு' என்று சொல்வதும் இந்த இடத்தை வைத்துத்தான். இந்தியாவில் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மூளைத்தண்டின் எல்லா இயக்கமும் மீளமுடியாமல் நின்றுவிட்டதா என்று மருத்துவர் குழு பரிசோதிக்க வேண்டும். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். வென்டிலேட்டரைப் பிரித்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறையும் அதே சோதனை. கோமா என்பது வேறு. கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்துகொண்டிருக்கலாம், ஆள் எழுந்துவரவும் வாய்ப்புண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பல குடும்பங்கள் ஐ.சி.யூ. வாசலில் குழம்பி நிற்கின்றன.

நடுமூளையைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கிறோம் என்று 'மிட் பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். நடுமூளையின் வேலை கண்ணசைவு, பாவை சுருங்குவது, திடீர்ச் சத்தத்துக்குத் தலை திரும்புவது போன்றவை. பிறந்த குழந்தைக்கே அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக முடுக்கிவிட ஒன்றுமில்லை. கண்கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் இடுக்கை ஒழுங்காக அடைத்தால் அந்த வித்தை நின்றுவிடும்.

சிறுமூளை

பிடரிக்குச் சற்று மேலே, பெருமூளைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது. பெயர்தான் சிறுமூளை. மூளையின் கனஅளவில் பத்தில் ஒரு பங்கு, ஆனால் மொத்த நியூரான்களில் சுமார் 6,900 கோடி இதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சிந்திப்பதாக நாம் பெருமைப்படும் பெருமூளைப் புறணியில் இருப்பது சுமார் 1,600 கோடிதான்.

சமநிலை என்று சொல்வது பாதி விடை. கையை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நீட்டினால் டம்ளரைத் தட்டிவிடாமல் எடுக்கலாம் என்று ஒவ்வொரு அசைவையும் திருத்திக்கொண்டே இருப்பது இதுதான். குடித்தவர் தள்ளாடுவதும் நாக்குக் குழறுவதும் சாராயம் சிறுமூளையைத் தாக்குவதால். கோலம் போடப் பழகும் சிறுமி முதலில் புள்ளி புள்ளியாக யோசித்து இழுப்பாள். கொஞ்ச நாளில் கை தானாக வளையும். அந்தப் பழக்கத்தில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. 2014இல் சீனாவில் 24 வயதுப் பெண் ஒருவருக்குத் தலைசுற்றலுக்காக ஸ்கேன் எடுத்தபோது, பிறவியிலேயே சிறுமூளை இல்லை என்று தெரிந்தது. நடக்கவே ஏழு வயது ஆனது, பேச்சும் தாமதம், நடை கொஞ்சம் தள்ளாட்டம். ஆனாலும் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. ஒரு பாகம் பிறவியிலேயே இல்லையென்றால் மற்றவை அந்த வேலையில் கொஞ்சத்தை இழுத்துப்போட்டுக்கொள்கின்றன.

நடுவில் புதைந்திருப்பவை

தலாமஸ் வழியாகத்தான் பார்வை, ஒலி, தொடுதல் எல்லாம் பெருமூளைக்குப் போகின்றன. வாசனைக்கு மட்டும் குறுக்குவழி. மூக்கிலிருந்து கிளம்பும் செய்தி தலாமஸ் வழியாகச் சுற்றிப் போகாமல், நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிகளை நேராகத் தொடுகிறது. பழைய பீரோவைத் திறந்ததும் வரும் அந்துருண்டை வாசம் சட்டென்று பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

அதற்குக் கீழே ஹைப்போதலாமஸ். எடை சுமார் 4 கிராம். பசி, தாகம், தூக்க நேரம், உடல் வெப்பம், ஹார்மோன் சுரப்பு இத்தனையும் அதன் பொறுப்பு. காய்ச்சலின்போது நடப்பதைப் பார்த்தால் அது வேலை செய்யும் விதம் விளங்கும். கிருமி உள்ளே வந்ததும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. ஹைப்போதலாமஸ் தன் இலக்கை 37 டிகிரியிலிருந்து, உதாரணமாக, 39க்கு மாற்றிக்கொள்கிறது. உடல் இன்னும் 37இல் இருப்பதால் அதற்குக் குளிர்கிறது. நடுக்கம் எடுக்கிறது, போர்வை கேட்கிறோம். பாராசிட்டமால் போட்டதும் புரோஸ்டாகிளாண்டின் குறைந்து இலக்கு இறங்குகிறது; இப்போது 39இல் இருக்கும் உடலுக்குப் புழுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. வியர்வை வந்தால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியான கவனிப்பு.

அப்புறம் ஹிப்போகேம்பஸ். இதன் வேலை என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் விலையாகப் போயிருக்கிறது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குச் சிறு வயதிலிருந்தே கடுமையான வலிப்பு. எந்த மருந்தும் கேட்கவில்லை. 1953இல், அவருக்கு 27 வயதாகும்போது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியுள்ள திசுவையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டது மறந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சிறுவயது நினைவுகள் இருந்தன, புத்திக்கூர்மை குறையவில்லை, பேச்சு இயல்பாக இருந்தது. ஒரு எண்ணைச் சொன்னால், மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை வைத்திருப்பார். கவனம் கலைந்தால் எண்ணும் போய்விடும், எண் சொல்லப்பட்டது என்பதும் போய்விடும்.

மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, தாளில் இருக்கும் நட்சத்திரத்தின் ஓரமாகப் பென்சிலால் கோடு போட வேண்டும். யாருக்கும் முதலில் வராது. மொலைசன் மூன்று நாள் பழகினார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. ஆனால் இதற்கு முன் இதைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை! கை கற்றுக்கொண்டது, அவருக்குத் தெரியவில்லை. நினைவாற்றல் என்பது ஒரே திறன் அல்ல, நடந்ததை நினைவில் வைப்பதும் செய்யப் பழகுவதும் மூளையில் வெவ்வேறு வழிகள் என்று அன்றுதான் தெளிவானது. என் கணக்கில், மூளை பற்றிய மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. 2008இல் அவர் இறக்கும் வரை உலகுக்கு அவர் 'எச்.எம்.' என்ற இரண்டு எழுத்துதான். இறந்த பின் அவர் மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள்.

இதே ஹிப்போகேம்பஸ் வழியையும் இடத்தையும் நினைவில் வைக்கிறது. லண்டன் டாக்சி ஓட்டுநராக வேண்டுமானால் நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். எலினார் மெக்வயர் குழு 2000இல் அவர்களுக்கு ஸ்கேன் எடுத்தபோது ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்றும் இதுதான். கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்கிற தாத்தா, தன் கல்யாணத்தில் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று விவரமாகச் சொல்வார். வீட்டில் "வேணும்னே பண்றார்" என்று நினைத்துவிடுவார்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பழையவை ஏற்கெனவே பெருமூளையில் பரவிப் பதிந்தவை. புதியவை பதியும் வாசல்தான் அடைபட்டிருக்கிறது.

ஹிப்போகேம்பஸுக்கு முன்னால் இருப்பது அமிக்டலா. பயம் என்றாலே இதைச் சொல்வார்கள். 'எஸ்.எம்.' என்று குறிப்பிடப்படும் பெண்ணுக்கு ஓர் அபூர்வ நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டது. பாம்பைக் கையில் எடுத்தார், பேய் வீட்டுக் கேளிக்கையில் எல்லோருக்கும் முன்னே நடந்தார். அப்படியானால் பயம் இருக்கும் பெட்டி இதுதான் என்று முடிவு கட்டிவிடலாமா? 2013இல் அவரையும் அதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகளையும் கரியமில வாயு அதிகம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். மூவரும் அலறிப் பதறினார்கள். வெளியே இருக்கும் ஆபத்தைக் கண்டு பயப்பட அமிக்டலா வேண்டும். உள்ளே மூச்சு முட்டும்போது வரும் பீதிக்கு அது தேவையில்லை. 'இந்தப் பாகம் கெட்டதும் இந்தத் திறன் போனது' என்பதற்கும் 'அந்தத் திறன் முழுவதும் இந்தப் பாகத்தில்தான் இருக்கிறது' என்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான். வண்ண வண்ணமாக வரைந்த மூளைப் படங்கள் இதைச் சொல்வதில்லை.

இதே ஆழத்தில் பேசல் கேங்க்லியா என்ற தொகுதியும் இருக்கிறது. அசைவைத் தொடங்கவும் வேண்டாத அசைவை அடக்கவும் உதவுகிறது. அதற்கு டோப்பமைன் என்ற வேதிப்பொருளை அனுப்பும் செல்கள் நடுமூளையில் இருக்கின்றன. அவை அழிந்தால் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், நடை சுருங்கும், முகத்தில் உணர்ச்சி தெரிவது குறையும்.

மேலே மூடியிருக்கும் பெருமூளை

வெளியே தெரியும் மடிப்பு மடிப்பான பரப்பு பெருமூளைப் புறணி. தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர். இடம், வலம் என்று இரண்டு பாதி. முகுளத்தின் அடியில் நரம்புகள் குறுக்கே கடப்பதால் இடப்பாதி வலது கைகாலையும், வலப்பாதி இடது கைகாலையும் இயக்குகின்றன. ஒவ்வொரு பாதியிலும் நான்கு மடல்கள்.

பின்னால் பிடரி மடல்: பார்வை. கண் முன்னால் இருந்தாலும் பார்ப்பது பின்மண்டையில்தான். முதல் உலகப் போரில் தலையின் பின்புறம் குண்டுத் துண்டு பாய்ந்த வீரர்களைப் பரிசோதித்த கார்டன் ஹோம்ஸ், எந்த இடத்தில் காயம்பட்டால் பார்வைப் பரப்பின் எந்த மூலை இருண்டுபோகிறது என்று வரைந்தே காட்டினார். அவர்களின் கண்கள் நன்றாகவே இருந்தன.

காதுக்கு மேலே பொட்டு மடல்: கேட்பது, சொல்லின் பொருளைப் புரிந்துகொள்வது, முகங்களை அடையாளம் காண்பது. உச்சியில் சுவர் மடல்: தொடு உணர்வும், உடலும் பொருள்களும் எங்கே இருக்கின்றன என்ற கணக்கும். வலது சுவர் மடல் கெட்டவர்களில் சிலருக்கு உலகத்தின் இடப்பாதியே இல்லாமல் போய்விடும். தட்டில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுவார்கள். கண்ணில் கோளாறு இல்லை, கவனம்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதனால் நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்ய முடியும். மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் அப்படித்தான் செய்தார். லேசான மின்சாரத்தை ஒவ்வோர் இடமாக வைத்து "எங்கே உணர்கிறீர்கள்?" என்று கேட்டுக் கேட்டு உடலின் வரைபடத்தைத் தயாரித்தார். அதில் உதடும் விரல்களும் பெரிய இடத்தைப் பிடித்திருந்தன, முதுகுக்குச் சின்ன இடம்தான். கைக்கான இடத்துக்குப் பக்கத்திலேயே முகத்துக்கான இடம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் பிற்பாடு அமெரிக்காவில், கையை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, அவர் இல்லாத தன் விரலைத் தொடுவதாகச் சொன்னார். சும்மா கிடந்த கையின் இடத்தை முகத்தின் நரம்புகள் பிடித்துக்கொண்டன என்பது ராமச்சந்திரனின் விளக்கம். வெட்டிப்போன கை வலிக்கிறது என்பவர்களுக்கு அவர் ஒரு சாதாரணக் கண்ணாடியை நட்டுவைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாகக் காட்டினார். சிலருக்கு வலி குறைந்தது.

முன்மடல்தான் நாலிலும் பெரியது. அதன் பின்விளிம்பு தசைகளை இயக்குகிறது. இடது முன்மடலின் கீழ்ப்பகுதி பேச்சுக்கு: 1861இல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த நோயாளிக்கு எது கேட்டாலும் 'டான்' என்ற ஒரே ஒலிதான் வரும், புரிதல் மட்டும் இருந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி திட்டமிடுவது, பொறுத்திருப்பது, வாயை அடக்குவது போன்றவற்றுக்கு. இருபது வயதுகளின் நடுப்பகுதி வரை அது முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

இங்கே பினியஸ் கேஜ் கதையைச் சொல்லாமல் யாரும் நகர்வதில்லை. 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது வெடிமருந்து முந்திக்கொண்டது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. ஆள் பிழைத்தார். பொறுப்பான மேற்பார்வையாளராக இருந்தவர் வாய்க்கு வந்ததைப் பேசுபவராக மாறிவிட்டார், எந்தத் திட்டத்திலும் நிலைக்கவில்லை என்று அவரைப் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதினார். பல புத்தகங்கள் கதையை அதோடு நிறுத்திவிடுகின்றன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டி ஓட்டினார். நேரம் பார்த்துக் கிளம்பி, பயணிகளைச் சமாளித்து, கரடுமுரடான பாதையில் குதிரைகளை நடத்துவது அடங்காத முரடனால் ஆகிற வேலை இல்லை. மூளையும் மனிதரும் ஓரளவு மீண்டிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். 1860இல் வலிப்பு வந்து இறந்தார்.

இடது மூளைக்காரர் கணக்குப் போடுவார், வலது மூளைக்காரர் கவிதை எழுதுவார் என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு. இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புப் பாலம் வெட்டப்பட்ட நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்து 1981இல் நோபல் பரிசு பெற்றார். கண்ணை மூடி இடது கையில் சாவியைக் கொடுத்தால், கை அதைச் சரியாகப் பயன்படுத்தும், வாய்க்கு அதன் பெயர் வராது. ஏனென்றால் அந்தச் செய்தி பேச்சு இருக்கும் இடப்பாதிக்குப் போக வழியில்லை. ஆனால் பாலம் வெட்டப்படாத நம் தலைக்குள் இரு பாதியும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆளை இடது, வலது என்று பிரிக்க அந்த ஆய்வில் இடமே இல்லை.

இந்த வரைபடம் எங்கே பயன்படுகிறது

பக்கவாத நோயாளி வந்தால், ஸ்கேனுக்கு முன்பே நரம்பியல் மருத்துவர் இந்த வரைபடத்தை வைத்துத்தான் யோசிக்கிறார். வலது கை விழுந்து பேச்சும் போயிருந்தால் இடது பெருமூளையின் நடு ரத்தக் குழாய் (நடுப் பெருமூளைத் தமனி). இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பார்வை இல்லையென்றால் பிடரி மடலாக இருக்கலாம். திடீர்த் தலைசுற்றல், வாந்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது என்றால் சிறுமூளை. இதைப் பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பதும், கை விழுந்ததற்கு எண்ணெய் போட்டு நீவுவதும் இன்னும் நடக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் இது அடைப்பா, ரத்தக் கசிவா என்று சி.டி. ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்; கசிவாக இருந்தால் அதே ஊசி உயிருக்கு ஆபத்து. ஆகவே வாய் கோணினாலோ, கையைத் தூக்கச் சொன்னால் ஒன்று தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே நேராக 108இல் போக வேண்டும். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் செத்துக்கொண்டிருக்கும்.